விற்ற பிறகும் நீளும் கை

2006 செப்டம்பரில் டீவோ நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த சீரீஸ் 3 டிவி பதிவுப் பெட்டியின் விலை ஏறத்தாழ 800 டாலர். வெளியிலிருந்து ஹார்ட் டிஸ்க் இணைக்க அதன் பின்புறம் ஈசாட்டா துளை ஒன்று இருந்தது. டிஸ்க்கைச் செருகினால் பெட்டி அதைச் சட்டை செய்யவில்லை. பதிவான நிகழ்ச்சியை வீட்டுக் கணினிக்கு அனுப்பும் வசதி மலிவான பழைய பெட்டிகளில் இருந்தது, இதில் இல்லை. கேபிளில் வரும் காட்சி பெட்டியை விட்டு வெளியேற வேண்டுமானால், கேபிள் துறையின் அமைப்பான கேபிள்லேப்ஸ் சம்மதிக்க வேண்டும். 2007 இறுதியில் சம்மதமும் அப்டேட்டும் வந்தன. துளைக்கு உயிர் வந்தது. அதிலும் நிறுவனம் அங்கீகரித்த டிஸ்க்கைத்தான் செருகலாம். ஓராண்டுக்கு முன்பே காசு கொடுத்து வாங்கிய துளை திறந்ததைப் புது வசதி என்று சொன்னார்கள். வாங்கியவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய விசிஆர் இந்த விஷயத்தில் மந்தமான பிராணி. கடையை விட்டு வந்த நாளில் என்ன செய்ததோ, பழுதாகும்வரை அதையே செய்தது. அந்த மந்தத்தில் ஒரு பாதுகாப்பு இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுப் பெட்டி மீது யுனிவர்சல் ஸ்டூடியோ தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் நின்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் விற்பனை நின்றிருக்கலாம், இழப்பீடு போயிருக்கலாம். வரவேற்பறைகளில் ஏற்கெனவே இருந்த பெட்டிகளோ அன்று இரவும் பதிவு செய்திருக்கும். அவற்றைத் தொடும் வழி சோனிக்கே இல்லை. நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வரும்?

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த வழி உண்டாகிவிட்டது. செயற்கைக்கோள் டிவி நிறுவனமான எக்கோஸ்டார் தன் காப்புரிமையை மீறியதாக டீவோ வழக்குப் போட்டு, 2006 ஏப்ரலில் டெக்சாஸில் வென்றது. இழப்பீடு 7.4 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆகஸ்டில் வந்த உத்தரவு அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த மீறல் பெட்டிகளில், சிறு விலக்கு தவிர மற்ற அனைத்திலும், டிஸ்க்கில் பதிவதையும் அதிலிருந்து ஓட்டிப் பார்ப்பதையும் 30 நாட்களுக்குள் முடக்க வேண்டும் என்றது. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. வானத்திலிருந்து ஒரு மென்பொருள் இறங்கினால் போதும். மேல்முறையீட்டில் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2011இல் 50 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பெட்டிகள் பிழைத்தன, அவற்றை வைத்திருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்காமலே.

உற்பத்தியாளரால் முடியும் என்றால், முடித்துக் காட்டு என்று அவருக்கு ஆணையிடவும் முடியும். அப்டேட் வசதியைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தைத் தானே தாண்டும் ரீப்ளேடிவி 4000 பதிவுப் பெட்டி அறிவிக்கப்பட்டதும் ஸ்டூடியோக்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் அதன் தயாரிப்பாளரான சோனிக்புளூ மீது வழக்குத் தொடுத்தன. யார் எதைப் பார்க்கிறார்கள், எந்த விளம்பரத்தைத் தாண்டுகிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளை எழுதி, தகவல் திரட்டி எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்கும்படி 2002இல் ஒரு நீதிபதி அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டார். இல்லாத வசதியை, வழக்கின் சாட்சியத்துக்காக, அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் உருவாக்கச் சொன்ன உத்தரவு அது. சில வாரங்களில் மேல் நீதிபதி அதை ரத்து செய்தார்.

டீவோ பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைத் தன் சொந்தப் பெட்டியில் ஏற்றத்தான் முடியாது. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத நிரலைப் பெட்டி ஏற்காது. சுதந்திர மென்பொருளுக்கு இதைவிட மரியாதையான சிறை அமைவது கடினம். இதைத் தடுக்கவே, லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் 2007இல் தனி விதி சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே இருந்துவிட்டது.

ரீப்ளேடிவி வாங்கிய ஐந்து பேர் மட்டும் 2002இல் தாங்களாகவே நீதிமன்றம் சென்றார்கள். தங்கள் பெட்டியில் விளம்பரத்தைத் தாண்டுவது சட்டப்படி சரியா என்று கேட்டார்கள். 2003இல் சோனிக்புளூ திவாலானது; ரீப்ளேடிவி தொழிலை வாங்கிய புதிய நிறுவனம் அடுத்த மாடலில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அந்த ஐந்து பேர் மீது வழக்குப் போட மாட்டோம் என்று ஸ்டூடியோக்கள் வாக்களித்தன. ஆகவே தீர்மானிக்க ஒன்றுமில்லை என்று 2004 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது.