பரிகாசமும் உட்கருத்தும்

நகை மனிதருக்கு வாய்த்த நற்பேறுகளுள் ஒன்று. துன்பத்தை ஆற்றுவதும், அச்சத்தை அகற்றுவதும், அயலாரை நண்பராக்குவதும் அதன் பயன்களாம். ஆயினும், மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியனார், அது பிறத்தற்குரிய பொருள்கள் நான்கனுள் எள்ளலையே முதலாவதாக எண்ணினார் என்பதை நாம் மறத்தலாகாது. பிறரை எள்ளுதலாற் பிறக்கும் நகை மிகப் பழமையானது. நகைத்தவர் அதனை அன்று மாலையே மறந்துவிடுவர். நகைக்கப்பட்டவர் நெடுங்காலம் மறவார்.

ஒருவர் ஓர் இனத்தாரை இழிவுசெய்யும் மொழியொன்றைப் பரிகாசமாகச் சொல்லிவிடுகின்றார். கேட்டோர் வெகுண்டெழுகின்றனர். அவரோ, “யான் தீங்கு கருதவில்லை, விளையாட்டாகவே சொன்னேன்” என்கின்றார். அவர் கூற்று மெய்யென்றே கொள்வோம். அங்ஙனமாயின் அவர்பாற் குற்றம் உண்டா, இல்லையா? இவ்வழக்கு இக்காலத்திற் பல தேசங்களிலும் அடிக்கடி எழுகின்றது. பிள்ளைகளின் நாவையும் நெஞ்சையும் பண்படுத்தும் பொறுப்பை மேற்கொண்ட ஆசிரியர்கள் இதனை ஆராய்ந்து தெளிதல் இன்றியமையாததாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்ததொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 3ஆந் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்து றட்கேர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவினர், தேசிய இறுதிப் போட்டியில் டெனசீப் பல்கலைக்கழகக் குழுவினரிடம் 59க்கு 46 என்னும் புள்ளிகளால் தோல்வியுற்றனர். குழுவிலிருந்த பதின்மருள் எண்மர் கறுப்பினப் பெண்கள். மறுநாட் காலை, டொன் ஐமஸ் என்னும் பேர்பெற்ற வானொலியாளர் தமது நிகழ்ச்சியில் அப்பெண்களைப் பற்றிப் பேசுங்கால், அவர்தம் தலைமயிரின் சுருளையும் அவர்தம் ஒழுக்கத்தையும் ஒருங்கே பழிக்கும் ஒரு தொடரைக் கூறி நகைத்தார். அச்சொற்களை ஈண்டு எழுதோம். முதலில், அது நகைப்பிற்காகச் சொல்லப்பட்ட அற்ப வார்த்தை என்று அவர் தள்ளிவிடப் பார்த்தார். ஏப்ரில் 6ஆந் திகதி மன்னிப்புக் கேட்டார். விளம்பரதாரர் பலர் விலகினர். 12ஆந் திகதி சீ.பீ.எஸ். வானொலி அவரது நிகழ்ச்சியை முற்றாக நிறுத்திவிட்டது.

அவருக்காகப் பேசினோர், அவர் புற்றுநோயுற்ற சிறுவர்களுக்காக நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணையை நிறுவி நடத்துவதை எடுத்துக்காட்டினர். எல்லாரையும் எள்ளுவதே அவர் தொழில், ஓர் இனத்தார்மீது அவருக்குப் பகையில்லை என்றனர். தாம் தீயவர் அல்லர் என்றும், நல்லவர் ஒருவர் தீயதொன்றைச் சொல்லிவிட்டார் என்றும் ஐமஸ் தாமும் கூறினார். எதிர்த்துப் பேசினோர், இச்சொல் ஒன்றே அவர் நெஞ்சைத் திறந்து காட்டிற்று என்றனர். இருசாராரும் தத்தம் பக்கத்தில் ஒரு பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு, மற்றப் பாதியைக் கைவிட்டனர் என்பதே எமது துணிபு.

ஈண்டு வினாக்கள் இரண்டு உள. செய்கை தீயதா என்பது ஒன்று. செய்தவர் தீயவரா என்பது மற்றொன்று. உட்கருத்தைக் கொண்டு விடைகாணத்தக்கது இரண்டாம் வினாவே. ஒருவன் இருளில் வண்டி ஓட்டிச் செல்கையில், வழியோரத்திற் படுத்திருந்தவனின் காலில் ஏற்றிவிட்டான் என்க. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லையாதலால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கும், அது தக்கதே. ஆனால் உட்கருத்து இன்மையால் முறிந்த கால் முறியாத காலாகிவிடுமோ? வண்டியினின்றும் இறங்கி வீழ்ந்தவனைத் தூக்குதலே அவன் முதற்கடன். அதனை விடுத்து, வண்டியில் இருந்தபடியே தன் நெஞ்சின் தூய்மையை விரித்துரைப்பானாயின், அவனை யார் மதிப்பர்?

சொல் வண்டியைப் போன்றதன்று, அது காற்றோடு போவது என்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறுவது, ஒரு சொல்லின் பொருள் சொல்வோன் வசத்தது அன்று என்பதாம். 2019ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி இங்கிலாந்து இளவரசர் ஹரிக்கும் அவர் மனைவியார் மேகனுக்கும் ஆண்மகவு பிறந்தது. மேகனின் தாயார் ஆபிரிக்க அமெரிக்கர். இரண்டு நாட்களின் பின், பீ.பீ.சீ. வானொலியைச் சேர்ந்த டனி பேக்கர் என்பவர், ஆடையணிந்த சிம்பன்சிக் குரங்கொன்று ஆண் பெண் இருவரோடு நிற்கும் பழைய படத்தை வெளியிட்டு, அரச மகவு வைத்தியசாலையினின்றும் செல்லும் காட்சி இதுவெனப் பரிகாசமாக எழுதினார். மறுநாளே பீ.பீ.சீ. அவரைப் பதவியினின்றும் நீக்கிற்று. அரசகுடும்பத்தின் ஆடம்பரத்தை எள்ளுதலே தம் கருத்தென்றும், இனத்தைப் பற்றித் தாம் சிறிதும் எண்ணவில்லையென்றும் அவர் கூறினார். அவரை நம்புவோம். ஆயினும் அப்படம் அவர் நெஞ்சினின்றும் பொருள்பெற்றதன்று. 1906ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூ யோர்க் நகரத்து மிருகக்காட்சிச்சாலையில், கொங்கோ நாட்டவரான ஓட்டா பெங்கா என்னும் மனிதரைக் குரங்குக் கூட்டில் வைத்துக் காட்டினர். மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டு நகைத்தனர். கறுப்பின மதகுருமார் கண்டித்த பின்னரே அக்காட்சி ஒழிந்தது. அம்மனிதர் 1916ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இத்தகைய வரலாற்றைச் சுமந்து வரும் ஓர் உருவத்தை எடுத்து ஆள்வோன், அதனை அறியாது ஆண்டாலும், அச்சுமையையும் உடன் எடுத்தே எறிகின்றான்.

பரிகாசம் தனித்து நில்லாது, சட்டத்தோடும் கைகோத்துச் செல்வது. ஏறத்தாழ 1830ஆம் ஆண்டில், தோமஸ் றைஸ் என்னும் வெள்ளை நடிகர் முகத்திற் கரிபூசிக்கொண்டு, ‘ஜிம் குறோ’ என்னும் பெயரால் ஒரு கறுப்பின அடிமையைப் போல ஆடிப்பாடி மக்களை நகைப்பித்தார். அது வெறும் கூத்தாகவே கருதப்பட்டது. பிற்காலத்தில், புகைவண்டியிலும் பாடசாலையிலும் கறுப்பினத்தாரைப் பிரித்து வைத்த தென் மாநிலச் சட்டங்களுக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அப்பிரிவினையை ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் அது செல்லாதென அந்நீதிமன்றமே தீர்ப்பளிக்க 1954ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கூத்தாடியவர் சட்டத்தைக் கருதினாரல்லர். எனினும், நகைத்துப் பழகிய ஓரினத்தாரை ஒதுக்கிவைத்தல் எளிதாயிற்று.

இனி, சைவநன்மக்கள் ஓர் ஐயத்தை எழுப்புதல் கூடும். சாக்கிய நாயனார் நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார்; இறைவன் அக்கல்லை மலராகவே ஏற்றருளினான். ஆகவே புறச்செயல் யாதாயினும் உட்கருத்தே பிரமாணம் என்று நம் சமயம் கூறவில்லையா என்பது அவ்வையம். நல்ல வினாவே. அக்கல் யார்மேல் விழுந்தது, அதனை ஏற்றவன் யார் என்பனவற்றை நோக்குதல் வேண்டும். இறைவன் நெஞ்சை உள்ளவாறு அறிபவன், கல்லால் ஊறுபடாதவன். மனிதனோ பிறன் நெஞ்சை அறியான். அவன்மேற் பட்ட கல் அவனைக் காயப்படுத்தும். இறைவன்மேல் எறிந்த கல்லுக்குக் கிடைத்த தீர்ப்பை, அயலான்மேல் எறிந்த கல்லுக்குக் கேட்டல் பொருந்தாது. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த திருவள்ளுவரும், உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் என்றமையாது, பிறர்க்குத் தீமை தராமையை அதற்கு அளவுகோலாக வைத்தார். மெய்க்கே அவ்வளவுகோல் உண்டாயின் பரிகாசத்திற்கு இல்லையென்பது எங்ஙனம்?

இவ்வளவு கூறியதனால், வெகுண்டெழும் கூட்டத்தார் செய்வதெல்லாம் நீதியென்று யாம் கூறினோமல்லேம். செய்கை தீயதென்பது துணியப்பட்டவுடனே, செய்தவரும் முற்றிலும் தீயவரே என்று அவர் தீர்த்துவிடுகின்றனர். அறியாது சொன்னவரையும், பகைகொண்டு சொல்லிவிட்டுப் பரிகாசம் என்னும் போர்வைக்குள் ஒளிப்பவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர். அங்ஙனமாயின் திருந்துவோர்க்கும் திருந்தாதோர்க்கும் வேற்றுமை யாது? உட்கருத்தை ஆராய்தல் இவ்விடத்தேதான் வேண்டப்படுவது. அதனை அறியும் வழியும் உண்டு. காயத்தைச் சுட்டிக்காட்டியபின் அவர் என்ன செய்கின்றார் என்று பார்க்க. அறியாது செய்தவர் வருந்துவர், மீண்டும் செய்யார். பகை கொண்டவரோ, “நகைக்கத் தெரியாதவர்கள்” என்று காயமுற்றோரையே பின்னும் இகழ்வர்.

றட்கேர்ஸ் குழுவினரின் ஒழுக்கம் இதில் நமக்கு நல்ல படிப்பினையாகும். ஏப்ரில் 12ஆந் திகதி இரவு, அப்பெண்களும் அவர்தம் பயிற்றுநர் விவியன் ஸ்ரிங்கர் அம்மையாரும் ஐமஸை நேரிற் கண்டு பேசினர். தமக்கு நேர்ந்த இழிவை அவர் கேட்கச் செய்தனர். மறுநாள், அவரது மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக அறிவித்தனர். குற்றம் இல்லையென்று அவர் கூறவில்லை. குற்றத்தைக் குற்றமென்றே நிறுத்தி, மனிதரை மன்னித்தனர். மன்னிக்கும் உரிமை புண்பட்டவர்க்கே உரியது. வெளியே நின்று ஆரவாரித்தோர்க்கு அது இல்லை, “இதென்ன பெரிய குற்றமா?” என்று அலட்சியம் செய்தோர்க்கும் இல்லை.

பிறதேசத்தார் பிழைகளை ஆராய்வது எளிது. எம்முடைய பிழையொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. ஏறத்தாழ 2003ஆம் ஆண்டில் யாம் வன்னியில் ஒரு பாடசாலையிற் கற்பித்தோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தினின்றும் வந்து அங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் எம் வகுப்பில் இருந்தனர். ஒருநாள் அவர்களுள் ஒரு சிறுவன் பாடத்தை உரக்க வாசிக்கையில், அவன் உச்சரிப்பை யாம் அவ்வாறே நடித்துக்காட்டி, மலையகத்தாரைக் குறித்து வடபுலத்தில் வழங்கும் இழிசொல் ஒன்றையும் பகிடியாகச் சேர்த்துச் சொன்னோம். அச்சொல் யாதென இதனை வாசிப்போர் அறிவர். வகுப்பு முழுதும் சிரித்தது. அச்சிறுவனும் சிரித்தான். ஆதலால் தீங்கொன்றும் இல்லையென்று எண்ணினோம். அன்றுமுதல் அவன் உரக்க வாசிக்க எழுந்திலன்.

சில மாதங்களின் பின் அவன் பாட்டியார் பாடசாலைக்கு வந்தார். “தோட்டத்த விட்டு வந்து இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுங்க ஐயா. அந்தப் பேரு மட்டும் எங்கள விட்டுப் போகலீங்க” என்றார். யாம் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை என்றோம். “அது தெரியுங்க. நீங்க நல்லவுங்க. நல்லவுங்க சொன்னதாலதான் அவனுக்கு ரொம்ப வலிச்சிருச்சு” என்றார்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் இலட்சக்கணக்கானோரை நாடற்றோர் ஆக்கிற்று. அதன் எச்சம் நீங்கச் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான். இவ்வரலாறு முழுதும் அவ்வொரு சொல்லில் இருந்தது. எம் நெஞ்சில் அது இல்லாமை உண்மையே. சிறுவனின் செவிக்கு அது கேட்டதும் உண்மையே. மறுநாள் அதே வகுப்பில், அதே மாணாக்கர் முன்னிலையில், யாம் செய்தது பிழையென்று சொன்னோம். பல வாரங்கள் கழித்து அவன் மீண்டும் வாசித்தான். ஆனால் பழைய உரத்த குரல் மீளவில்லை.

ஆசிரியர்காள்! வகுப்பறையிற் சொல்லப்படும் பரிகாசத்துக்கு மறுமொழி கூறும் உரிமை மாணாக்கனுக்கு இல்லை. சிரித்தல் ஒன்றே அவனுக்கு விடப்பட்ட வழி. ஆதலால் அவன் சிரிப்பை உடன்பாடென்று கொள்ளற்க. பிள்ளையொருவன் மற்றொருவனை நிறத்தாலோ, ஊராலோ, பிறப்பாலோ, பேச்சாலோ எள்ளி, “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பானாயின், அவனைத் தீயவன் என்று ஒதுக்கற்க; சொன்னதைச் சிறிதென்று விடவும் வேண்டா. அச்சொல் எங்கிருந்து வந்தது, எத்தனை பேரை வருத்திற்று என்பதை அவனுக்குக் கற்பிக்க. கற்பித்தபின் அவன் என்ன செய்கின்றான் என்பதைக் கொண்டு அவன் நெஞ்சை அறிக. இவ்வாராய்ச்சியை முதலில் நம் நாவினின்றே தொடங்குவோமாக.