எரிந்த நகரும் கூடாத மணமும்: ‘சிவகாமியின் சபதம்’ முடிவு குறித்த வாசக மனக்குறையின் அறம்

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ புதினத்தைப் படித்து முடிப்போர் பெரும்பாலும் ஒரு மனக்குறையோடுதான் நூலை மூடுகின்றனர். ஒன்பது ஆண்டுகள் பகைவர் நகரில் காத்திருந்தவளுக்கு ஏன் இந்த முடிவு என்னும் கேள்வி மூன்று தலைமுறை வாசகரிடமும் இருந்து வந்துள்ளது. இம்மனக்குறை புதினத்தின் குறையா, வாசகரின் குறையா, அன்றி இரண்டுமல்லாத வேறொன்றா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாசக எதிர்வினையை இலக்கியச் சுவை சார்ந்த செய்தியாகவே பேசிப் பழகியுள்ளோம். யாருக்காக வருந்துகிறோம் என்பது அறம் சார்ந்த செய்தியும் ஆகும்.

கதையை நினைவூட்டிக்கொள்வது தேவை. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, பல்லவ இளவரசன் மாமல்லனைக் காதலிக்கிறாள். சளுக்க வேந்தன் புலிகேசியின் படை அவளைச் சிறைப்படுத்தி வாதாபிக்குக் கொண்டு செல்கிறது. பிற சிறைக்கைதிகள் சாட்டையடிக்கு ஆளாகாதிருக்க, அவள் நாற்சந்திகளில் ஆடவேண்டியதாகிறது. வாதாபியை மாமல்லன் எரித்துத் தன்னை மீட்டாலன்றி அந்நகரை விட்டு வருவதில்லை எனச் சூளுரைக்கிறாள். மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் அவள் வர மறுக்கிறாள். ஆண்டுகள் கழிந்து நகரம் எரிகிறது, சூள் நிறைவேறுகிறது. காஞ்சிக்குத் திரும்பியவள் மாமல்லனுக்குப் பட்டத்தரசியும் மக்களும் இருப்பதை அறிகிறாள். ஏகாம்பரநாதரையே தன் தலைவனாகக் கொள்கிறாள். நான்காம் பாகத்திற்கு ஆசிரியர் இட்ட பெயரே ‘சிதைந்த கனவு’ என்பதாகும்.

முடிவில் நிறைவின்மை என்பது ஒருவகைப்பட்டதன்று. ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது, கதை திடுமென நின்றுவிட்டதாகவும் பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் எனத் தெரியவில்லை என்றும் வாசகர் குறைப்பட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு மறுமொழி கூறினார். அது அறியும் வேட்கையின் குறை. செய்தி கிடைத்தால் தணிந்துவிடும். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று கேட்பவருக்கு உடையார்குடிக் கல்வெட்டையேனும் காட்டலாம். சிவகாமியைப் பற்றிய குறை அத்தகையதன்று. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை வாசகர் நன்கறிவர். அறிந்ததனாலேயே மனம் ஆறவில்லை. எந்த முடிவுரையும் இதைத் தீர்த்திராது.

இக்குறைக்குப் பொதுவாகக் கூறப்படும் அமைதிகள் இரண்டு. வரலாறு இடந்தரவில்லை என்பது முதலாவது. இது வலுவற்றது. நரசிம்மவர்மனுக்குப் பின் இரண்டாம் மகேந்திரவர்மன் அரியணை ஏறினான் என்பதே வரலாறு விதிக்கும் கட்டுப்பாடு. அவன் தாய் யாராக இருக்கவேண்டும் என்பதில் கதையாசிரியருக்கு வேண்டிய உரிமை இருந்தது. முன்னரே எழுதிவிட்ட ‘பார்த்திபன் கனவு’ புதினத்தில் மாமல்லனின் மகள் குந்தவி வந்துவிட்டாள் என்பது உண்மை. அதுவும் அவரே இட்டுக்கொண்ட தளைதான்.

இரண்டாவது அமைதி பக்தி நெறி சார்ந்தது. நாவுக்கரசரின் ஆரூர்த் திருத்தாண்டகப் பாடல் ஒன்றில் ஒரு பெண் தலைவனின் பெயரைக் கேட்பதில் தொடங்கித் தன்னையே மறந்து அவன் தாளைச் சேர்கிறாள். சிவகாமியின் வாழ்க்கையை அப்பாடலின் விரிவுரையாகவே கல்கி அமைத்துள்ளார் என்பர். இது அழகான விளக்கம். ஆயினும் இன்றைய வாசகர், குறிப்பாகப் பெண் வாசகர், இதை ஐயுறுவதில் நியாயம் உண்டு. அரசனுக்கு இடையூறாகிவிட்ட பெண்ணைக் கோயிலிடம் ஒப்படைத்து அவனை விடுவித்த முடிவு இது என அவர்கள் வாதிடுவர். தொடர் 1946இல் நிறைவுற்றது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அச்சட்டத்திற்கான வாதங்கள் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோதே இறைவனுக்குத் தன்னை மணமுடிக்கும் நாயகியை வாரந்தோறும் படிப்போர் கண்டனர். இந்த எதிர்ப்பைக் காலவழு என்று ஒதுக்க இயலாது.

எனினும் மணம் நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். சூள் நிறைவேறி, நகரம் எரிந்து, மீண்டுவந்தவள் அரசியாகியிருந்தால், வாதாபியின் தீ திருமண விளக்காகியிருக்கும். பழிவாங்கலுக்கு இன்பத்தைப் பரிசாக அளித்த கதையாக அது முடிந்திருக்கும். பல்லவ நாட்டுச் சிற்றூர்கள் பாழானதற்கு ஈடாக வாதாபியும், வாதாபிக்கு ஈடாக மணமும் எனக் கணக்கு நேர்ப்பட்டிருக்கும். கல்கி அந்தக் கணக்கை நேராக்க மறுக்கிறார். போர்த்தலைவன் பரஞ்சோதியின் விலகலையும் இங்கே சேர்த்து நோக்கவேண்டும். சேக்கிழாரிடத்தில் அவர் சிவனடியார் என அறிந்து அரசன் விடை கொடுக்கிறான். கல்கி அதனோடு போரின்மீதான மனக்கசப்பையும் இணைக்கிறார். வெற்றியை ஈட்டியவன் வாளைத் துறக்கிறான். வெற்றியைக் கேட்டவள் பயனைப் பெறவில்லை. ஆகவே மனக்குறை புதினத்தின் தோல்வியன்று. அதன் பயன் என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் வாசகரின் மனக்குறை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் யாவுஸ் பேசிய எதிர்பார்ப்பின் எல்லை என்னும் கருத்து இங்குப் பயன்படும். வாசகன் எதை எதிர்பார்த்தானோ அது கிட்டாதபோதுதான் குறை என்கிறான். எதிர்பார்க்கவே கற்றிராத ஒன்று கிட்டாதது அவன் கண்ணில் படுவதில்லை. சிவகாமிக்கு மணம் கிட்டவில்லை என்று வருந்துவோர் பலர். வாதாபியின் தெருக்களில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று வருந்துவோரை இக்கட்டுரையாளர் மிக அரிதாகவே கண்டுள்ளார். ஒன்பது ஆண்டுகள் அந்நகரில் கதாநாயகி வாழ்ந்தும், அந்நகரின் குயவனோ பூக்காரியோ அண்டைவீட்டுப் பெண்ணோ பெயரோடு நம் நினைவில் நிற்பதில்லை. இவ்வகையில் முடிவு இருமடங்கு நிறைவற்றது. நாம் ஒரு மடங்கையே உணர்கிறோம்.

இளங்கோவடிகளிடம் இவ்வாறில்லை. கண்ணகி மதுரையை எரிக்கும்போது முதியோரையும் குழந்தைகளையும் பிற சிலரையும் விலக்கித் தீயவரைச் சேருமாறு தீக்கு ஆணையிடுகிறாள். அந்த விலக்கில் சாதிப்படிநிலை கலந்துள்ளது என்னும் திறனாய்வு தகுதியானதே. ஆயினும் எரிப்பவள் வாயிலேயே யாரை எரிக்கலாகாது என்னும் கேள்வி எழுகிறது. பின்னர் மதுராபதித் தெய்வம் வந்து நகரின் பக்கத்தையும் பேசுகிறது. சிவகாமியின் சூளில் விலக்கு ஏதுமில்லை. வாதாபிக்காகப் பேசவரும் தெய்வமும் இல்லை. புறநானூற்றில் மலையமானின் சிறுவரை யானைக் காலில் இடப் புகுந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்துப் பாடியதும் நம் மரபிலேயே உள்ளது. எதிரியின் குழந்தையைக் காணும் கண் தமிழுக்குப் புதிதன்று. புதினம் அக்கண்ணை முழுதும் திறக்கவில்லை எனில், வாசகன் திறந்துகொள்ளலாம்.

புதினம் வெளிவந்த காலமும் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. தொடர் 1944இல் தொடங்கியபோது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942இல் சென்னையை விட்டு வெளியேறிய மக்கள் அதன் வாசகரில் இருந்திருப்பர். ஹிரோஷிமாவும் நாகசாகியும் 1945 ஆகஸ்டில் அழிந்தன. நான்காம் பாகத்தின் பிற்பகுதியில் வாதாபி எரிவதைப் படித்தவர்கள், ஒரு நகரம் முழுவதும் எரிவது என்றால் என்னவென்று செய்தித்தாளில் முன்னரே அறிந்திருந்தனர். அவர்களும் மணத்தையே கேட்டார்கள் என்றால் அது அக்காலத்தவரின் கொடுமையன்று. கதை நம்மை எவர் பக்கம் உட்காரவைக்கிறதோ அப்பக்கத்துத் துயரே நமக்குத் துயராகிறது.

சிவாஜிநகரில் இருந்து இப்புதினத்தைப் படிப்பது வேறு அனுபவம். பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைக்குடியிருப்பைச் சுற்றித் தமிழர் பெருகிய பகுதிகளுள் இது ஒன்று. இதனை அடுத்துள்ள பிரேசர் டவுனுக்கு இன்றைய பெயர் புலிகேசிநகர். நமக்குக் கதையின் பகைவன் பெயரில் பேருந்து வழியும் சட்டமன்றத் தொகுதியும் இங்கு உண்டு. ஹர்ஷனை நருமதைக் கரையில் தடுத்து நிறுத்திய மாவீரன் என்று கன்னடப் பிள்ளைகள் அவனைப் படிக்கின்றனர். அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் தமிழ்ப் பிள்ளை வீட்டுக்கு வந்து கல்கியைப் படிக்கிறது. இம்மாணவருக்கு வாதாபி கற்பனை நகரமன்று. பள்ளிச் சுற்றுலாவில் கண்டுவந்த பாதாமி. இந்நகரமும் தீயை அறியாததன்று. காவிரி நீரை முன்னிட்டு 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இங்குத் தீ வைக்கப்பட்டது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் எழுப்பப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே இருந்து, 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இங்குள்ள தமிழ் வாசகர் வாதாபியின் பக்கத்திலும் சற்று உட்கார்ந்து பார்க்கக் கூடியவர். அதை இழப்பாகக் கருதவேண்டியதில்லை.

பகைவரின் நகரை எரிப்பது எவ்வாறு எளிதாகிறது என்பதைச் செப்பேடுகள் காட்டுகின்றன. பல்லவர் செப்பேடு நரசிம்மவர்மனை வாதாபியை அழித்த அகத்தியனுக்கு ஒப்பிடுகிறது. வாதாபி என்பது அகத்தியர் உண்டு செரித்த அரக்கனின் பெயருமாகும். நகரை அரக்கனாக்கிவிட்டால் எரிப்பவன் முனிவனாகிவிடுகிறான். சிலேடை ஒன்று போதும். மறுபக்கமும் இதற்குச் சளைத்ததன்று. ஐஹொளேயில் 634ஆம் ஆண்டளவில் ரவிகீர்த்தி பொறித்த வடமொழிப் பாடல், பல்லவ வேந்தன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டதைக் களிப்போடு கூறுகிறது. இரு ஆவணத்திலும் ஊர்மக்களின் அழுகுரல் பதியவில்லை.

புதினம் முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை என்பதும் கருதத்தக்கது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாதாபியின் வழித்தோன்றல் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பழிக்குப் பழி என்னும் கணக்கில் எரிந்திருக்கவேண்டியது காஞ்சி. அவன் நகரை அழிக்காமல், இராசசிம்மேச்சுரத்தின் பொற்குவியலைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடு கூறுகிறது. அரசன் புகழைக் கூறும் ஆவணம் இது. அதற்குரிய கழிவோடு ஏற்கவேண்டும். ஆயினும் கொடையைக் குறிக்கும் கன்னடக் கல்வெட்டு காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் மண்டபத் தூணில் இன்றும் உள்ளது. அவன் அரசி உலோகமாதேவி அவ்வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயில், வென்ற நகரின் அந்தக் கோயிலையே பெரிதும் ஒத்திருக்கிறது.