இரவல் அட்டை

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. கனடாவுக்கு வந்து நாலு மாதமான இளைஞர் ஒருவரின் வலக் கன்னம் வீங்கிக் கிடக்கிறது. கீழ்க் கொடுப்புப் பல். கராம்பு எண்ணெய் பூசிப் பார்த்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. பல் வைத்தியர் எழுதிக் கொடுத்த தாளில் ரூட் கனாலும் அதன்மேல் போடும் மூடியும் சேர்ந்து ஆயிரம் டொலரை எப்போதோ தாண்டிவிட்டன. அருகில் இருக்கும் மச்சான் வேலைத்தலத்தில் தனக்குக் கொடுத்த காப்புறுதி அட்டையை எடுத்து நீட்டுகிறார். “இதைக் கொண்டு போ. ஆர் பாக்கப் போகினம்?”

கற்பனைக் காட்சிதான். ஆனாலும் வந்து குடியேறிய எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. அந்த அட்டையை வாங்கலாமா?

மோசடி என்று சட்டம் ஒரே சொல்லில் முடித்துவிடும். அறம் அப்படி முடிக்க முடியாது. அந்த வீங்கிய கன்னம் எப்படி வந்தது என்பதையும் அது பார்க்க வேண்டியிருக்கிறது.

கனடாவின் பொது மருத்துவம் உடம்பின் பெரும்பகுதியைப் பார்க்கும், பல்லைப் பார்க்காது. பிள்ளைகளுக்காவது பல் சிகிச்சையைச் சேருங்கள் என்று நீதிபதி எம்மெற் ஹோல் தலைமையிலான ஆணைக்குழு 1964இலேயே சொன்னது. 1966இன் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் அதைக் காதில் வாங்கவில்லை. 1984இன் கனடா சுகாதாரச் சட்டமோ, மருத்துவமனையில் வைத்தே செய்தாக வேண்டிய பல் அறுவைச் சிகிச்சையோடு நின்றுகொண்டது. விளைவு விசித்திரமானது. பல்வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிருமிக்கொல்லி மாத்திரையும் வலி மாத்திரையும்தான். அதே சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சை அடைத்தால் அறுவை அறையும் படுக்கையும் அரச செலவில் வந்துவிடும். மலிவாகத் தீர்த்திருக்கக்கூடிய நோயை முற்றவிட்டுப் பார்க்கிற கணக்கு இது.

2023 டிசம்பரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்க வந்தது. குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குள் இருக்க வேண்டும், வேறு பல் காப்புறுதி இருக்கக் கூடாது. 2025இல் எல்லா வயதினருக்கும் கதவு திறந்தது. ஆனால் முந்தைய ஆண்டுக்கான வரிக்கணக்கைக் கனடாவில் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. நாலு மாதத்துக்கு முன் வந்திறங்கியவர் எங்கே போவார்? அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்கால சுகாதாரத் திட்டம் அவசரப் பல் சிகிச்சைக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். நிரந்தர வதிவிடம் பெற்று முறையாக வந்தவருக்கு முதலாண்டில் அதுகூட இல்லை.

ஆகவே அட்டையை நீட்டும் மச்சானைக் கள்வன் என்று சொல்ல வாய் வராது. அரசு கைவிட்ட இடத்தில் உறவு கைகொடுக்கிறது. பெரிய கம்பனியின் கஜானாவில் ஒரு பல்லின் விலை என்ன குறைந்துவிடும் என்றும் கேட்கலாம்.

கம்பனிக்கு நட்டம் என்பதை அறத்தின் முதல் வாதமாக வைப்பவர்களோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடில்லை. அது பலவீனமான வாதம். (சிறிய வேலைத்தலமென்றால், கோரிக்கை கூடக்கூடக் கட்டணம் ஏறும், கூட வேலை செய்பவர்களின் சம்பளத்திலும் அது கடிக்கும். அதையும் ஓரமாக நினைவில் வைக்கலாம்.) உண்மையான கேடு பல் வைத்தியரின் கோப்புக்குள் இருக்கிறது.

நாற்காலியில் ஏறுமுன் ஒரு படிவம் தருவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதா, சர்க்கரை வியாதி உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா? மச்சானின் பெயரில் போகிறவர் யாருடைய பதிலை எழுதுவார்? தன்னுடையதை எழுதினால் பழைய பதிவோடு ஒட்டாது, மச்சானுடையதை எழுதினால் ஊசி போடும் கை இன்னொருவரின் உடம்பை நம்பிப் போடும்.

அடுத்தது பல்லின் எண். கனடாவில் கீழ் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்லுக்கு 46 என்று எழுதுவார்கள். ரூட் கனால் கட்டுப்படியாகாமல் அந்தப் பல்லைப் பிடுங்கினால், மச்சானின் பெயரில் 46 இல்லாமல் போய்விடும். இரண்டு வருடம் கழித்து அவருடைய சொந்த 46 சூத்தையாகி அடைக்கப் போகும்போது, இல்லாத பல்லை எப்படி அடைத்தீர்கள் என்று காப்புறுதிக் கம்பனி கேட்கும். அகப்பட்டால் வேலை போகலாம். வந்தவரின் கதை இன்னும் மோசம்: குற்ற வழக்கானால் வதிவுரிமையே ஆட்டம் காணலாம். ஒன்றும் அறியாத பல் வைத்தியரும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டிவரும்.

அட்டையை வாங்குவது தவறு. உதவ முன்வந்தவரின் தலையிலேயே ஆபத்தை ஏற்றுவதால் தவறு. அந்தத் தவறில் பெரும்பங்கு, வாயை உடம்பிலிருந்து பிரித்து வைத்த அரசையே சேரும். இரண்டையும் ஒருசேரச் சொன்னால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்கும்.

வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் குறைவு, நாற்காலியில் கிடக்கும் நேரம்தான் கூட. ஏழையின் வாய் படிப்பவர்களின் பாடப்புத்தகமா என்ற உறுத்தல் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு படியும் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பாத இடம் அது. தனியார் கிளினிக்குகளிலும் தவணையில் கட்டலாமா என்று வாய் திறந்து கேட்கலாம். வந்த புதிதில் நம் ஆட்கள் கூச்சப்பட்டு விழுங்குவது இந்தக் கேள்வியைத்தான்.

மச்சான்மாருக்கு ஒரு வார்த்தை. அட்டையைப் பையிலேயே வையுங்கள், முடிந்தால் முந்நூறு டொலரைக் கடனாகக் கொடுங்கள். வந்த ஆண்டில் ஒரு சதம் உழைக்காவிட்டாலும், அடுத்த ஏப்ரல் 30க்குள் அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு போய் வரிக்கணக்கைக் கொடுக்க வையுங்கள். அதைக் கொடுக்காமல் அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தில் அவன் பெயரில் ஓர் அட்டை வராது.