எந்த ஏரியா என்று கேட்டால்

வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து காலை ஷிப்டுக்குக் கிளம்பும் தம்பி, தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். இன்டர்வியூவில் "எந்த ஏரியா?" என்று கேட்டதும் வியாசர்பாடி என்று சொல்லக் கூசி, "பெரம்பூர் பக்கம் சார்" என்று முனகுகிறாயே, ஏன்? மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய நகரில் வளர்ந்துவிட்டுத் தலை குனியலாமா? நானும் அப்படி முனகியவன்தான். அந்தக் கூச்சத்தை என்னிடமிருந்து பிடுங்கி எறிந்தது, சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு ரீட் சுவிட்ச்.

அப்போது நான் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஹெல்பர். இரவு ஷிப்ட். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் சிலிண்டர் முன்னே போனது, நின்றது. அடுத்த அசைவு இல்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து மெஷினை இயக்கும் பி.எல்.சி.யில் செருகி புரோகிராமைத் துருவினார்கள். நான் சிலிண்டரைப் பார்த்தேன். முன் முனையில் இருந்த சென்சாரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. திருகு தளர்ந்து, அதிர்வில் சென்சார் தன் காடியிலேயே மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான்! சிலிண்டர் போய்ச் சேர்ந்துவிட்டது, சேதி போய்ச் சேரவில்லை. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பச் சொன்னேன். சரிசெய்ததும் லைன் ஓடியது. அதுவரை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது? சில வாரங்களுக்கு முன், கழித்துப் போட்ட சிலிண்டர் ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்திருந்தேன். பிஸ்டனைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். இரும்பு வாஷரை அருகே கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. காந்தம்! குழாய் அலுமினியம், காந்தப்புலத்தைத் தடுக்காது. வெளியே சென்சாருக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் நேரே வந்ததும் நாக்குகள் ஒன்றையொன்று இழுத்துத் தொட்டுக்கொள்ளும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் கண்டுபிடித்த ரீட் சுவிட்ச் இதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை, யார் சிபாரிசும் தேவைப்படவில்லை. ஒரு வாஷர் போதுமானதாக இருந்தது!

வேலையையும் சொல்கிறேன், கேள். கையை உள்ளே விடுமுன் மெஷினை ஆட்டோவிலிருந்து எடு. சிக்னல் வந்த நொடியில் அடுத்த சிலிண்டர் பாயும், விரல் போய்விடும். மேனுவலில் பிஸ்டனை முனைவரை கொண்டுபோய் நிறுத்தி, சென்சாரை மெல்லத் தள்ளு. விளக்கு எரியும் இடத்தில் ஒரு கோடு, அணையும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் வைத்து இறுக்கு. எரிந்தவுடனே திருகிவிட்டுப் போகிறார்களே, அந்த ஓரத்துச் சென்சார்தான் நடுராத்திரியில் காலை வாரும். இரண்டு கம்பி ரீட் சுவிட்சை ரிலேயோ பி.எல்.சி. இன்புட்டோ இல்லாமல் 24 வோல்ட்டில் நேராகக் கொடுக்காதே, கருகிவிடும். ஒட்டினாற்போல் இரும்புப் பட்டையோ இன்னொரு காந்த சிலிண்டரோ இருந்தால் புலம் விலகும். எண்ணூர்க் கடல்காற்றில் கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கும், கழற்றிப் பார்.

இப்போது உன் ஏரியாவுக்கு வருகிறேன். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் ஆலை போட்டது. 1955-இல் ரயில்பெட்டி ஆலையான ஐ.சி.எஃப். உன் வீட்டுக்குப் பக்கத்தில் பெரம்பூரில் வந்தது. புல்லட் வண்டி திருவொற்றியூரில் தயாரானது. நாட்டுக்கே லாரியும் ரயில்பெட்டியும் கொடுத்த மண்ணில் நிற்கிறாய். ஹெல்பர் என்று அட்டையில் எழுதியிருந்தால் எழுதியிருக்கட்டும், உன் மூளைக்கு யாரும் அட்டை மாட்டவில்லை!

நாளை சூப்பர்வைசரிடம் கேட்டு, ஸ்கிராப்பில் கிடக்கும் பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பிரி. அந்தக் கறுப்பு வளையத்தை உன் கையாலேயே தொட்டுப் பார். அடுத்த இன்டர்வியூவில் எந்த ஏரியா என்று கேட்டால், எம்.கே.பி. நகர், வியாசர்பாடி என்று முழுசாகச் சொல்.