எடுத்து வைத்த பாலும் பால்குடி உறவும்



பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து வேலைக்குப் போகும் தாய்மார்கள், பம்பினால் பாலை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். அல்பகரா அத்தியாயம் 233-வது வசனம் பாலூட்டலுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறது. குழந்தையின் அந்த உரிமை தாயின் வேலை காரணமாகக் குறைய வேண்டியதில்லை. தாய்ப்பால் தூய்மையானது, ஆடையில் சிந்திவிட்டாலும் அதோடு தொழலாம்.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, பம்பின் பாகங்களையும் மூடியுள்ள பாத்திரத்தையும் சுத்தம் செய்த பிறகே எடுக்க வேண்டும். வெளியே நான்கு மணி நேரம் இருக்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குச் சொன்ன கணக்கு. நம் சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவுப் பக்கம் வைக்காமல் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாள் கெடாது. கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும். அது வீண்விரயமாகாது.

புட்டியின்மேல் தேதியோடு தாயின் பெயரையும் எழுதுங்கள். ஏனெனில் ஒரே வீட்டில் நாத்தனாருக்கும் கைக்குழந்தை இருக்கலாம். புட்டியை மாற்றி எடுத்துப் பாட்டி புகட்டிவிடலாம். மார்பில் குடித்தால்தான் உறவு, புட்டியில் கொடுத்தால் இல்லை என்று சிலர் எண்ணுவது சரியல்ல. இரண்டு வயதுக்குள் அப்பால் குழந்தையின் வயிற்றைச் சேர்ந்தால் ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும், உறவு உண்டாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியாக ஐந்து தடவை வேண்டும். ஒரே தடவையில் எடுத்த பாலை ஐந்து வேளையாகக் கொடுத்தாலும் ஒன்றென்றே எண்ணப்படும். உறவு உண்டாகிவிட்டாலோ, முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று குடும்பம் சொல்லிவந்த பிள்ளைகளுக்குள் நிகாஹ் என்றென்றைக்கும் ஹராம்.

உக்பா பின் அல்ஹாரிஸ் (ரலி) அவர்கள் மணமுடித்த பிறகு, ஒரு பெண்மணி வந்து, தாம் அவ்விருவருக்குமே பாலூட்டியதாகச் சொன்னார். உக்பாவுக்கு அதுவரை அப்படியொரு செய்தியே தெரியாது! மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணமாகிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பின்னர் மனைவியைப் பிரிந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது வருகிறது. ஆகவே மாற்றிக் கொடுத்துவிட்டால் சண்டைக்குப் பயந்து மறைக்காதீர்கள். யார் பால், எந்தக் குழந்தைக்கு, எத்தனை தடவை என்று எழுதி வைத்து, ஆலிமிடம் கேளுங்கள்.

எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையிலும் வேறு சில இடங்களிலும் தாய்ப்பால் வங்கி நடக்கிறது. இத்தகைய வங்கிகளில் பலருடைய பால் கலந்து, கொடுத்தவர் யாரென்று தெரியாமற் போவதால், 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவற்றை முஸ்லிம் நாடுகளில் தடுத்தது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் கூடும் என்றனர். குறைமாதக் குழந்தையின் உயிர் ஊசலாடும்போது மருத்துவர் அப்பாலைக் கொடுக்கச் சொன்னால் தயங்கலாகாது என்பதே நம் கருத்து. பெற்றவளின் பாலையே எடுத்துக் கொடுக்க வழியுண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், பால் கொடுத்தவரின் பெயரை அறிய முடியுமா என்று விசாரித்து வையுங்கள்.