கடைசி வரை வைத்திருந்த நல்ல இரசம்



கானா ஊர்க் கலியாண வீட்டிலே இருந்த ஆறு தொட்டிகளும் கல்லால் ஆனவை என்று யோவான் எழுதுகிறார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லீற்றர் கொள்ளும். அக்காலத்து யூதர் தூய்மைச் சடங்குக்கான இத்தகைய பாத்திரங்களைச் சுண்ணக்கல்லில்தான் குடைந்தார்கள். சுண்ணக்கல் காங்கேசன்துறையாருக்குப் புதிதல்ல. இங்கே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். கானாவின் அந்தக் கல்தொட்டிகளில் இருந்த தண்ணீரைத்தான் இயேசு திராட்சை இரசமாக மாற்றினார்.

குடியால் சிதைந்த வீடுகள் நம்மிடையே உண்டு. ஆகவே ஒருவரையும் குடிக்கச் சொல்லி நான் இதைப் பேசவில்லை. பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து வியந்தாரே, அப்படிப்பட்ட நல்ல இரசத்தின் தன்மை என்ன என்பதையே சொல்ல வருகிறேன்.

பிரான்சில் பொர்தோ என்ற பகுதி இருக்கிறது. அங்கே கபர்னே சோவினியோன் என்ற திராட்சை சிறியது, தோல் தடித்தது. அதன் சாற்றைத் தோலோடும் விதையோடும் புளிக்க விடுவார்கள். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு வைப்பார்கள். புதிதாக வடித்த அந்த இரசத்தை வாயில் விட்டால் நாக்கும் முரசும் இறுகிப்போகும். நெல்லிக்காயைக் கடித்தால் வரும் அதே துவர்ப்பு. நமக்குக் கிட்டவுள்ள தோலகட்டியில், தோமஸ் அடிகளார் 1928 இல் தொடங்கிய ஆச்சிரமத்தின் நெல்லி ரசம் குடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அந்தத் துவர்ப்புத்தான் திராட்சை இரசத்தின் காவல். போத்தலை இருட்டில், குளிர்ச்சியான நிலவறையில், அசையாமல் படுக்க வைப்பார்கள். ஆண்டுகள் போகப் போகத் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்து மண்டியாய் அடியில் படியும். கருஞ்சிவப்பு மெல்ல வெளுத்து ஓட்டுச் சிவப்பாகும். பழவாசம் மாறிப் புகையிலை, தோல், ஈரமண் வாசம் எழும். சிறந்த போத்தல்கள் 30, 40 ஆண்டும் தாங்கும். எல்லா இரசமும் அப்படியல்ல. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவை. தொடக்கத்திலேயே இதமாக இறங்கி, சீக்கிரமே சுவை இழந்துவிடும்.

அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் சுவை தேர்ந்தவர்கள் பொர்தோவுக்கு வருவார்கள். பீப்பாயிலிருந்து எடுத்த அந்தக் கடும் இரசத்தைச் சுவைத்துவிட்டு, இது எத்தனை ஆண்டு போகும் என்று கணிப்பார்கள். கடுமையைக் குறையாக அவர்கள் எழுதிவிடுவதில்லை.

இயேசுவும் அப்படித்தான் ஆள் எடுத்தார். யோவானையும் அவர் அண்ணன் யாக்கோபையும் இடியின் மக்கள் என்றே பெயரிட்டு அழைத்தார். தங்களை ஏற்காத சமாரிய ஊர்மீது வானத்திலிருந்து நெருப்பு விழச் செய்யட்டுமா என்று கேட்டவர்கள் இவர்கள்! ஆண்டவர் கடிந்துகொண்டார், கைவிடவில்லை. அந்த யோவான் முதிர்ந்த வயதில் எபேசு நகரில், நடக்க முடியாமல், சீடர்கள் தூக்கிவர சபைக்கு வந்து, ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்று புனித எரோணிமுஸ் எழுதிவைத்திருக்கிறார். கானாவில் தண்ணீரைக் கண நேரத்தில் மாற்றியவர், தம் அன்புச் சீடனை மாற்ற ஓர் ஆயுட்காலம் எடுத்துக்கொண்டார். எனக்கு இதுவே பெரிய அற்புதமாகத் தெரிகிறது.

அந்தக் கடும் இரசம் போன்ற பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. 1990 இல் போரால் நாம் இந்த ஊரை விட்டு ஓடினோம். நம் பிள்ளைகள் பலர் நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தாவின் காணி எது, கிணறு எது என்று தெரியாமல் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் காரம் உண்டு, கோபம் உண்டு, கோவிலுக்குள் வராமல் மதிலோரம் நிற்பதும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் உருப்படாதது என்று ஒரு சொல்லில் அவர்களைத் தள்ளிவிடுகிறோம். பதினெட்டு வயதில் தீர்ப்பெழுத நாம் யார்?

பெற்றோரே, பெரியவர்களே, இந்தக் கிழமை உங்கள் வீட்டில் ஆகக் கடுமையாகப் பேசுகிற பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். அவன் சொல்வதை, அவள் சொல்வதை, இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திருப்பலிக்கு வாருங்கள். ஆமென்.