கம்பும் கோபமும்

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் தலைமுறைகளாகப் பழகப்பட்டு வந்தவை. கம்பு சுழல்வதைப் பார்த்துநிற்கும் பொடியன்மார் தவறாமல் கேட்பார்கள்: "சேர், இது உண்மையான சண்டைக்கு உதவுமா?"

உதவாது என்றே சொல்லி வருகிறேன். பழகும் களத்தில் எதிரே நிற்பவன் கூட்டாளி. இருவரும் ஸலாம் சொல்லித்தான் கம்பெடுக்கிறார்கள். அண்ணாவியார் கையுயர்த்தினால் ஆட்டம் நின்றுவிடும். சண்டையிலோ எத்தனை பேர் வருவார்கள், கையில் என்ன கொண்டு வருவார்கள் என்று தெரியாது. பயத்தில் கற்ற வரிசையும் மறந்துபோகும். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கே கம்பு என்ன செய்திருக்கும்?

அப்படியானால் கொல்வதற்கென்றே கொடுக்கும் பயிற்சிதான் மேலானதா? வெருகலில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. 2004 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் வன்னிப் படையும் கருணா அணியும் வெருகல் ஆற்றங்கரையில் மோதின. இருபக்கமும் ஒரே இயக்கத்தில் பயின்றவர்கள். கருணா பக்கத்தில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் இருந்தனர். வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது. குறிபார்க்கக் கற்றிருந்தார்கள். நேற்றுவரை ஒரே கொடியின்கீழ் நின்றவனைச் சுடத்தான் வேண்டுமா என்று கேட்பதற்கு அந்தப் பயிற்சியில் இடமில்லை. (எந்த இராணுவத்தில்தான் இருக்கிறது?)

கம்பு பழகுகிறவன் படும் பாட்டில் பெரும்பாதி, கூட்டாளியின் நெற்றிக்கு விரற்கடை முன்னால் கம்பை நிறுத்துவதற்காகத்தான். ரூமியின் மஸ்னவியில் வரும் அலீ (ரலி) அவர்களின் கதையை எல்லோரும் அறிவோம். வாளுக்குக் கீழே கிடந்த எதிரி முகத்தில் உமிழ்ந்ததும் வாளை எறிந்துவிடுகிறார். தன் கோபத்துக்காக ஒருவனைக் கொல்ல அவருக்கு மனமில்லை. அது வரலாறுதானா என்பதை ஆலிம்கள் பேசட்டும். அந்தக் கை நின்றது போர்க்களத்தில், நிறுத்தச் சொல்ல அண்ணாவியார் எவரும் இல்லாத இடத்தில் என்பதே எனக்கு முக்கியம்.

ஆனால் கம்பு பழகியவனெல்லாம் அப்படி நிற்பான் என்று நான் நம்பவில்லை. இரண்டு வரிசை தெரிந்ததுமே சந்தியில் வாயடிக்கும் இளந்தாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியாதிருந்தால் ஒதுங்கிப் போயிருப்பார்கள். ஆகவே பிள்ளையைக் கம்புக்கு விடலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், ஒருநாள் களத்துக்குப் போய்ச் சும்மா நின்று பாருங்கள் என்கிறேன். கோபத்தோடு வரும் பொடியனிடமிருந்து கம்பை வாங்கி வைக்காத அண்ணாவியாரிடம் பிள்ளையை விட வேண்டாம்.